கை கழுவச் சொன்ன டாக்டர்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 1784-ம் ஆண்டில் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி திறந்து வைத்த ஆஸ்பத்திரி அது. ஏழைப் பெண்கள் அங்கே இலவசமாகப் பிரசவம் பார்த்துக் கொள்ளலாம்.

1840-ம் ஆண்டுகளில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விபரீதம் நடந்தது.

நிறைமாதக் கர்ப்பிணிகள் வாசலுக்கு வருவார்கள். எந்தப் பிரிவில் தங்களைச் சேர்க்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். முதல் பிரிவு என்று பதில் வந்தால் போதும். முகம் வெளுத்துவிடும். தரையில் மண்டியிட்டுக் கெஞ்சுவார்கள். தங்களை இரண்டாம் பிரிவில் சேர்த்துவிடும்படி அழுவார்கள்.

சிலர் ஆஸ்பத்திரிக்குள் வராமல் தெருவிலேயே பிள்ளை பெற்றார்கள். அது அவர்களுக்கு மேலாகத் தோன்றியது.

ஏன் இந்தப் பயம்?

முதல் பிரிவுக்குள் போகிறவள் உயிரோடு திரும்புவது நிச்சயம் இல்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது!

அந்தப் பயத்தைப் போக்கியவர் ஒரு இளம் டாக்டர். பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். இன்று அவரைத் தாய்மார்களின் ரட்சகர் என்று உலகம் போற்றுகிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது கிடைத்தது போற்றுதல் அல்ல. அது ஒரு சோகக் கதை.

மளிகைக் கடைக்காரர் மகன்

செம்மல்வைஸ் 1818-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி பிறந்தார். ஊர், ஹங்கேரி நாட்டில் உள்ள புடா. டான்யூப் நதியின் ஒரு கரையில் புடா. மறு கரையில் பெஸ்ட். பிற்காலத்தில் 1873-ல் இரண்டும் சேர்ந்து புடாபெஸ்ட் என்ற ஒரே நகரம் ஆயின.

தகப்பனார் மளிகை வியாபாரி. வசதியான குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள்.

மகன் வக்கீல் ஆக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. ஆகவே 1837-ல் சட்டம் படிப்பதற்காக செம்மல்வைஸ் வியன்னாவுக்குப் போனார். சட்டத்தில் மனம் செல்லவில்லை. அடுத்த ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறிவிட்டார். 1844-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ மருத்துவத்தையும் தனியாகப் படித்துத் தேறினார்.

1846-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அவருக்கு வேலை கிடைத்தது. அன்று அவருக்கு 28-வது பிறந்த நாள். வியன்னா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் உதவி டாக்டர் உத்தியோகம். மேல் அதிகாரி, பேராசிரியர் யோகான் கிளைன்.

செம்மல்வைசுக்குக் கிடைத்த வார்டு எது தெரியுமா?

பெண்கள் பார்த்து நடுங்கிய அதே முதல் பிரிவுதான்!

பிரசவ ஜன்னி

அங்கே பெண்களைக் கொன்ற நோய்க்குப் பிரசவ ஜன்னி என்று பெயர். நம் பாட்டிமார்களும் இந்தப் பெயரைச் சொல்லக் கேட்டிருப்போம்.

பிள்ளை சுகமாகப் பிறந்துவிடும். தாயும் நன்றாக இருப்பாள். ஓரிரு நாளில் குளிர் காய்ச்சல் வரும். வயிறு வீங்கும். தாங்க முடியாத வலி. பிறகு பிதற்றல். சில நாட்களில் உயிர் போய்விடும். பல சமயம் குழந்தையும் சேர்ந்து இறந்துவிடும்.

1846-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்.

முதல் பிரிவில் நடந்த பிரசவங்கள் 4,010. இறந்த தாய்மார்கள் 459 பேர். அதாவது 100 பேரில் 11 பேருக்கு மேல்.

இரண்டாம் பிரிவில் நடந்த பிரசவங்கள் 3,754. இறந்தவர்கள் 105 பேர். அதாவது 100 பேரில் 3 பேர்கூட இல்லை.

இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி. ஒரே கட்டிடம். ஒரே சாப்பாடு. பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பிரித்ததும் இல்லை. வருகிற நாளைப் பொறுத்து மாறி மாறி இரு பிரிவுகளிலும் சேர்த்தார்கள்.

பிறகு ஏன் ஒரு பிரிவில் மட்டும் இத்தனை சாவு?

இந்தக் கேள்வி செம்மல்வைசைத் தூங்க விடவில்லை.

காற்றா? மணி ஓசையா?

அந்தக் காலத்து டாக்டர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். காற்றில் விஷம் கலந்திருக்கிறது என்றார்கள். பருவ நிலை சரியில்லை என்றார்கள். கூட்டம் அதிகம் என்றார்கள்.

செம்மல்வைஸ் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார்.

காற்றில் விஷம் என்றால் அது இரண்டு பிரிவுக்கும் பொதுதானே? ஊர் முழுவதும் அல்லவா பெண்கள் சாக வேண்டும்? கூட்டத்தைப் பார்த்தால் இரண்டாம் பிரிவில்தான் நெருக்கடி அதிகம். முதல் பிரிவுக்குப் பயந்து எல்லோரும் அங்கேதானே ஓடினார்கள்!

அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. வெளிநாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதுதான் காரணம் என்று குழு சொன்னது. மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். சில மாதம் சாவு குறைந்தது. பிறகு பழையபடி ஏறிவிட்டது.

இன்னொரு காரணமும் சொன்னார்கள். சாகக் கிடக்கும் பெண்ணுக்குக் கடைசிப் பிரார்த்தனை செய்யப் பாதிரியார் வருவார். அவருக்கு முன்னால் ஒருவர் மணி அடித்துக் கொண்டு போவார். முதல் பிரிவில் அவர் பல அறைகளைக் கடந்து போக வேண்டும். அந்த மணி ஓசையைக் கேட்டுப் பெண்கள் பயந்து காய்ச்சலில் விழுகிறார்கள் என்றார்கள்.

செம்மல்வைஸ் அதையும் விடவில்லை. மணி அடிக்காமல் வேறு வழியாக வரும்படி பாதிரியாரைக் கேட்டுக் கொண்டார். பாதிரியாரும் இசைந்தார். மணி ஓசை நின்றது. சாவு நிற்கவில்லை.

இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். முதல் பிரிவில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். செம்மல்வைஸ் தம் வார்டிலும் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அதனாலும் பயன் இல்லை.

அவர் கவனித்த வேறு சில விஷயங்கள்தான் விசித்திரமாக இருந்தன.

வலி எடுத்து வரும் வழியில், தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்டு வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் ஜன்னி வரவில்லை!

வலி நீடித்து, டாக்டர்கள் பல முறை பரிசோதித்த பெண்களே அதிகம் செத்தார்கள்.

கட்டில்கள் வரிசையாக இருந்தன. நோயும் சில சமயம் அந்த வரிசைப்படியே வந்தது. டாக்டர்கள் நடந்து போகும் அதே வரிசை!

நண்பரின் மரணம்

1847-ம் ஆண்டு மார்ச் மாதம். செம்மல்வைஸ் மனக் களைப்புத் தீர வெனிஸ் நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் ஒரு துக்கச் செய்தி காத்திருந்தது.

அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்துவிட்டார். அவரும் ஒரு பேராசிரியர். பிணங்களை அறுத்துச் சாவுக்குக் காரணம் கண்டுபிடிப்பதை மாணவர்களுக்குக் கற்றுக் கொடுப்பவர். அப்படி ஒரு பிணத்தை அறுக்கும்போது மாணவனின் கத்தி தவறி அவர் விரலில் பட்டுவிட்டது. சிறிய காயந்தான். ஆனால் அதிலிருந்து காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் விஷம் ஏறியது. மார்ச் 13-ந்தேதி உயிர் போய்விட்டது.

செம்மல்வைஸ் கண்ணீரோடு அந்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் திடுக்கிட்டார்.

நண்பரின் உடம்பில் கண்ட கோளாறுகள் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. பிரசவ ஜன்னியில் செத்த பெண்களின் உடம்பில் அவர் தினமும் பார்த்தவை!

கொலெட்ச்கா ஆண். அவருக்கு ஏது பிரசவம்? ஆனாலும் அதே நோயால்தான் இறந்திருக்கிறார். அவருடைய ரத்தத்தில் பிணத்தின் அழுகல் கத்தி வழியாகக் கலந்தது. அப்படியானால் தாய்மார்களின் உடம்பில் அது எப்படிக் கலந்தது?

ஒரு நொடியில் விடை கிடைத்தது.

கைகள்!

கொலைகாரன் யார்?

முதல் பிரிவில் பிரசவம் பார்த்தவர்கள் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். அவர்கள் காலையில் பிண அறைக்குப் போவார்கள். முன்னாள் இறந்த பெண்களின் உடலை அறுத்துப் பார்ப்பார்கள். பிறகு நேராகப் பிரசவ வார்டுக்கு வருவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவது உண்டு. ஆனாலும் பிண வாடை போகாது. அந்தக் கையோடுதான் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பார்கள்.

இரண்டாம் பிரிவில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகளும் அவர்களிடம் படிக்கும் பெண்களும். அவர்கள் பிண அறைப் பக்கமே போவதில்லை.

இரண்டு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

பழைய கணக்கும் இதையே சொன்னது. கிளைனுக்கு முன்பு அங்கே தலைவராக இருந்தவர் போவர். பிணத்தை வைத்துப் பிரசவ வைத்தியம் சொல்லிக் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. அவர் காலத்தில் தாய்மார்கள் சாவது மிகக் குறைவு. 1823-க்குப் பிறகு, கிளைன் காலத்தில்தான் சாவு மளமளவென்று ஏறியது.

உயிரைக் காக்க வந்த கைகளே எமனைச் சுமந்து வந்தன!

செம்மல்வைசுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில் தினந்தோறும் அதிகாலையில் பிணங்களை அறுத்துப் பார்த்தவர் அவரே. பிறகு வார்டுக்குப் போய் எல்லாப் பெண்களையும் பரிசோதித்தவரும் அவரே. நோயைத் தேடி அலைந்த அவரே அதைப் பரப்பியும் இருக்கிறார்! எத்தனை பெண்களின் அகால மரணத்துக்குத் தாம் காரணமோ, அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று பிற்காலத்தில் அவர் மனம் திறந்து எழுதினார்.

ஒரு பாத்திரம் சுண்ணாம்புத் தண்ணீர்

சோப்பு போதாது. பிண வாடையை அடியோடு போக்கும் பொருள் வேண்டும். வாடை போனால் விஷமும் போய்விடும் என்பது அவர் கணக்கு.

முதலில் குளோரின் கலந்த தண்ணீரை வைத்தார். அது விலை அதிகம். ஆகவே குளோரின் சேர்ந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைத்தார். இன்று நம் ஊரில் கிணற்றிலும் சாக்கடையிலும் போடுகிறோமே, பிளீச்சிங் பவுடர், அதுதான்!

1847-ம் ஆண்டு மே மாத நடுவில் உத்தரவு போட்டார். வார்டுக்குள் நுழையும் எவரும், டாக்டரோ மாணவரோ, அந்தத் தண்ணீரில் கை கழுவாமல் எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது.

மாணவர்கள் முணுமுணுத்தார்கள். கை எரிந்தது. தோல் உரிந்தது. செம்மல்வைஸ் இரக்கம் காட்டவில்லை. பக்கத்தில் நின்று கவனித்தார். கழுவாதவர்களைக் கடிந்து கொண்டார்.

பலன் என்ன?

ஏப்ரல் மாதம் 312 பிரசவம், 57 சாவு.

மே மாதம் 294 பிரசவம்; 36 சாவு.

ஜூன் மாதம் 268 பிரசவம், 6 சாவு.

ஜூலை மாதம் 250 பிரசவம், 3 சாவுதான்!

புது மருந்து இல்லை. புதுக் கருவி இல்லை. ஒரு பாத்திரம் சுண்ணாம்புத் தண்ணீர்! அதுதான் நூற்றுக்கணக்கான தாய்மார்களைப் பிழைக்க வைத்தது.

பிணத்திலிருந்து மட்டும் அல்ல

அக்டோபர் மாதத்தில் ஒரு அதிர்ச்சி. கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணை முதல் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். புண்ணிலிருந்து அழுகல் நீர் வடிந்தது. டாக்டர்கள் வார்டுக்குள் வரும்போது குளோரின் தண்ணீரில் கை கழுவினார்கள். ஆனால் அவளைத் தொட்ட பிறகு வெறும் சோப்பில் கழுவிவிட்டு மற்றவர்களைத் தொட்டார்கள்.

அந்த வரிசையில் பிரசவமான 12 பெண்களில் 11 பேர் இறந்தார்கள்.

செம்மல்வைஸ் பாடம் கற்றுக் கொண்டார். விஷம் பிணத்தில் மட்டும் இல்லை. உயிரோடு இருப்பவரின் அழுகிய புண்ணிலும் இருக்கிறது. ஆகவே வார்டுக்குள் நுழையும்போது ஒரு முறை கழுவினால் போதாது. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன்பு ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும் என்றார்.

1848-ம் ஆண்டு முழுவதும் முதல் பிரிவில் 3,556 பிரசவங்கள். இறந்தவர்கள் 45 பேர்தான். இரண்டாம் பிரிவில் 3,219 பிரசவங்களில் 43 பேர். இரண்டு பிரிவும் சமம் ஆகிவிட்டன. மார்ச், ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாதங்களில் முதல் பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை!

பெரியவர்களுக்குக் கோபம்

இத்தனை பெரிய வெற்றி. செம்மல்வைசுக்கு மாலை போட்டிருக்க வேண்டாமா?

போடவில்லை.

அவர் சொன்னதை ஒப்புக் கொண்டால் என்ன பொருள்? இத்தனை காலமாகப் பெண்களைக் கொன்றது டாக்டர்களின் அழுக்குக் கைகள் என்று அல்லவா ஆகும்? கௌரவமான பேராசிரியர்களுக்கு அது பொறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஆளைக் கொல்லுமா என்று கேலி செய்தார்கள். கிருமிகள்தான் நோயை உண்டாக்குகின்றன என்பது அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஏன் என்று விளக்க செம்மல்வைசாலும் முடியவில்லை. அவர் கையில் இருந்தது கணக்கு ஒன்றுதான்.

அவருக்கு முன்பே இதைச் சொன்னவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1795-ல் அலெக்சாண்டர் கார்டன் என்ற டாக்டர் சொன்னார். அமெரிக்காவில் 1843-ல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் சொன்னார். டாக்டர்களும் மருத்துவச்சிகளும் இந்தக் காய்ச்சலை வீட்டுக்கு வீடு கொண்டு போகிறார்கள் என்றார்கள். அவர்கள் பேச்சும் எடுபடவில்லை.

செம்மல்வைசை ஆதரித்த பெரிய டாக்டர்களும் இருந்தார்கள். ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி ஆகிய மூவரும் அவர் பக்கம் நின்றார்கள். ஹெப்ரா இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஆனால் கண்டுபிடித்தவரோ பேனாவைத் தொடவே இல்லை. எழுதுவது என்றால் அவருக்கு வேப்பங்காய். அது அவர் செய்த பெரிய பிழை. அவர் எழுதாததால் பிற ஊர் டாக்டர்கள் விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்து கொண்டார்கள்.

ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் மிக்கேலிஸ் மட்டும் உடனே நம்பினார். தம் ஆஸ்பத்திரியில் குளோரின் கழுவலைத் தொடங்கினார். சாவு குறைந்தது. ஆனால் அவர் மனம் உடைந்துவிட்டது. தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண் ஒருத்தி முன்பு ஜன்னியில் இறந்திருந்தாள். தம் கையாலேயே அவள் செத்தாள் என்ற துயரம் அவரை வாட்டியது. 1848-ல் ரெயில் முன்பு பாய்ந்து உயிரை விட்டார்.

வேலை போயிற்று

1849-ம் ஆண்டு மார்ச் மாதம் செம்மல்வைசின் பதவிக் காலம் முடிந்தது. நீடிக்கும்படி கேட்டார். கிளைன் மறுத்துவிட்டார்.

கற்பிக்கும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டார். 1850-ல் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை. நோயாளிகளை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. பொம்மையை வைத்துத்தான் நடத்த வேண்டும்!

ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குப் பிரசவம் பார்த்தவருக்குப் பொம்மையா?

அவமானம் தாங்கவில்லை. சில நாட்களில் வியன்னாவை விட்டே கிளம்பிவிட்டார். தமக்காகப் போராடிய நண்பர்களிடம்கூடச் சொல்லிக் கொள்ளவில்லை.

சொந்த நாட்டில்

பெஸ்ட் நகரத்தில் ரோக்குஸ் ஆஸ்பத்திரி என்று ஒன்று. அதன் பிரசவ வார்டுக்குள் செம்மல்வைஸ் போய்ப் பார்த்தார். ஒரு பெண் பிணமாகக் கிடந்தாள். ஒருத்திக்கு மூச்சு இழுத்துக் கொண்டிருந்தது. இன்னும் நாலு பேர் கடும் காய்ச்சலில் கிடந்தார்கள்.

1851-ல் அந்த வார்டின் பொறுப்பைச் சம்பளம் வாங்காமலே ஏற்றுக் கொண்டார். அங்கேயும் குளோரின் பாத்திரம் வந்தது. ஆறு ஆண்டுகளில் 933 பிரசவங்கள் நடந்தன. ஜன்னியில் இறந்தவர்கள் 8 பேர்தான்.

1855-ல் பெஸ்ட் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே இன்னொரு எதிரி காத்திருந்தது. அது படுக்கை விரிப்பு! சலவைக்குப் போன விரிப்புகள் ரத்தக் கறையோடும் நாற்றத்தோடும் திரும்பி வந்தன. அவற்றில் படுத்த பெண்களுக்கு ஜன்னி கண்டது. கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. நோயாளியைத் தொடும் ஒவ்வொரு பொருளும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அதிகாரிகளோடு சண்டை போட்டார். சுத்தமான விரிப்புகளை வாங்கிய பிறகே ஓய்ந்தார்.

1857-ல் திருமணம். மனைவி பெயர் மரியா. ஐந்து குழந்தைகள் பிறந்தன. அவற்றில் இரண்டு சிசுவிலேயே இறந்தன.

புத்தகமும் வசவும்

கடைசியில் நண்பர்கள் தூண்டியதால் பேனாவைப் பிடித்தார். 1861-ல் அவருடைய பெரிய புத்தகம் வெளியாயிற்று. பிரசவ ஜன்னியின் காரணம், தன்மை, தடுக்கும் வழி எல்லாம் அதில் இருந்தன. கண்டுபிடித்து 14 ஆண்டுகள் கழிந்துவிட்டன!

ஐரோப்பாவின் பெரிய டாக்டர்கள் அந்தப் புத்தகத்தையும் ஒதுக்கினார்கள்.

செம்மல்வைசுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எதிர்த்தவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். கை கழுவாத டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்றே ஏசினார். அவர் சொன்னது உண்மை. சொன்ன விதம் அவருக்கே பகை ஆயிற்று. நண்பர்களும் விலகினார்கள்.

கைகளைக் கழுவுங்கள் என்று சொன்னவரையே ஊர் கை கழுவிவிட்டது!

கொடுமையான முடிவு

1865-ம் ஆண்டில் அவர் நடத்தை மாறியது. மறதி வந்தது. திடீர் திடீரென்று சீறினார். எந்தப் பேச்சானாலும் பிரசவ ஜன்னியில் கொண்டு வந்து முடித்தார். அது என்ன நோய் என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

ஜூலை மாதக் கடைசியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துப் போனார்கள். பழைய நண்பர் ஹெப்ரா வரவேற்றார். புதிய ஆஸ்பத்திரி ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார். அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

உண்மை தெரிந்ததும் செம்மல்வைஸ் திமிறினார். காவலர்கள் அவரை அடித்து அடக்கினார்கள். கை கால் அசையாதபடி உடுப்பு மாட்டி இருட்டறையில் அடைத்தார்கள். உடம்பில் பட்ட காயம் சீழ் பிடித்தது. அழுகியது. ரத்தத்தில் விஷம் ஏறியது.

இரண்டே வாரம். 1865-ம் ஆண்டு ஆகஸ்ட் 13-ந்தேதி இறந்தார். வயது 47.

எந்த நோயிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினாரோ, நண்பர் கொலெட்ச்காவை எது கொண்டு போயிற்றோ, அதே விதமான நோய்தான் அவரையும் கொண்டு போயிற்று. அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலர்தான்.

ஒரு நாள் முன்பு

அவர் சாவதற்கு ஒரு நாள் முன்பு, ஆகஸ்ட் 12-ந்தேதி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு சம்பவம் நடந்தது.

வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். தோலும் கிழிந்து காயம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் சீழ் பிடிக்கும். காலை வெட்ட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் உயிர் போகும்.

டாக்டர் ஜோசப் லிஸ்டர் அந்தக் காயத்தின் மீது கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஆறு வாரத்தில் சிறுவன் குணம் அடைந்தான்.

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் கிருமி ஆராய்ச்சியைப் படித்துத்தான் லிஸ்டர் இதைச் செய்தார். செம்மல்வைசின் பெயரைக்கூட அவர் அப்போது கேள்விப்பட்டது இல்லை.

1879-ல் பாஸ்டர் பிரசவ ஜன்னியின் கிருமியையே கண்டு சொன்னார். சங்கிலி போல் கோத்துக் கொண்டு வளரும் கிருமி அது. செம்மல்வைஸ் கண்ணால் காணாமல் கணக்கால் கண்டுபிடித்த எதிரி அதுதான்!

அதே 1879-ல் பாஸ்டரின் சீடர் சார்லஸ் சாம்பர்லண்ட் ஒரு நீராவிக் கொப்பரையைச் செய்தார். அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் மாதிரிதான். மூடி இறுக்கிய பாத்திரத்தில் நீராவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறும். 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் இருந்தால் எந்தக் கிருமியும் தப்பாது. கொதிக்கும் தண்ணீரில் சாகாத முரட்டுக் கிருமிகளும் அதில் மடிந்துவிடும். இன்று ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாம் அதில் வெந்த பிறகே டாக்டர் கைக்கு வருகின்றன.

காலம் கடந்த மரியாதை

டாக்டர்கள் மெல்ல மெல்லச் செம்மல்வைசின் பெருமையை உணர்ந்தார்கள். 1891-ல் அவருடைய எலும்புகளை வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்குக் கொண்டு வந்தார்கள். 1906-ல் சிலை வைத்தார்கள். செம்மல்வைஸ் நிற்கிறார், காலடியில் ஒரு தாய் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். அவர் சம்பளம் வாங்காமல் உழைத்த ரோக்குஸ் ஆஸ்பத்திரியின் முன்னால் அந்தச் சிலை இருக்கிறது.

அவர் பிறந்த வீடு மருத்துவ வரலாற்றுக் காட்சிசாலை ஆயிற்று. 1964-ல் அவருடைய எலும்புகளையும் அங்கேயே கொண்டு வந்து வைத்தார்கள். 1969-ல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக் கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கதை பழையது. ஆனால் ஆபத்து பழையது ஆகிவிடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 நோயாளிகளில் 7 பேருக்கு அங்கேயே புதிதாக ஒரு கிருமி நோய் தொற்றுகிறது. மற்ற நாடுகளில் 15 பேருக்குத் தொற்றுகிறது. நல்ல முறையில் கை கழுவினாலே இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அதற்காகவே 2009 முதல் ஆண்டுதோறும் மே 5-ந்தேதி கை சுத்த நாள் கொண்டாடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறோம். பிறந்த குழந்தையை ஆசையோடு தூக்குகிறோம். கை கழுவிவிட்டுத் தூக்குகிறோமா? ஒரு கட்டிலில் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோமே, நடுவில் கை கழுவுகிறோமா? கட்டுப் போட்ட காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கிறோமா?

சோப்பும் தண்ணீரும் போதும். அல்லது கட்டில் பக்கத்தில் வைத்திருக்கும் சாராயக் கரைசலைக் கையில் தேய்த்துக் கொண்டாலும் போதும். அரை நிமிஷ வேலை. டாக்டரோ நர்ஸோ மறந்திருந்தால், கை கழுவிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். அதில் தவறு இல்லை. நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டதற்காகத்தான் செம்மல்வைஸ் வேலையை இழந்தார், நண்பர்களை இழந்தார். இன்று நாம் பயம் இல்லாமல் கேட்கலாம். கேட்போம். நாமும் கழுவுவோம்.